கல்லூரியா? கால்பந்தா?

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

  

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மஃக்ரிப் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர், ஒரு தந்தையும் மகனும் என்னைக் காண வந்தனர். தந்தை துறைமுகத்திற்கும் எண்ணூருக்கும் இடையே கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவர். கல்லூரி கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரர்.

தந்தை சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். "ஹஜ்ரத்! வெளிமாநிலத்து கிளப் ஒன்று பையனைக் கேட்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்கிறார்கள். நான் மாதம் சம்பாதிப்பதைப் போல இரண்டு மடங்கு தருவார்களாம். மூத்தவள் நிகாஹுக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. கையெழுத்துப் போடலாமா? நீங்கள் சொன்னால் போட்டுவிடுகிறோம்" என்றார். மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவருடைய பார்வை மட்டும் அந்தக் காகிதத்தை விட்டு அகலவில்லை.

அந்தத் தந்தை கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி என வடசென்னையின் பல வீடுகளில் இன்று இதே கேள்வி எழுகிறது. எனவே அன்று அந்தத் தந்தையிடம் பேசியதையும், அதன் பின்னர் நான் விசாரித்து அறிந்துகொண்டதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திறமை ஓர் அமானத்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். பந்தாடுவதே வீண் வேலை என்று சொல்லி மகனின் ஆசையை முளையிலேயே கிள்ளிவிடும் பெற்றோர் நம்மில் உண்டு. அது நபிவழி அன்று. பலமுள்ள முஃமின், பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உகந்தவர் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (நூல்: முஸ்லிம்). அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் (நூல்: அபூதாவூத்). குதிரைப் பந்தயங்களை நடத்தினார்கள் (நூல்: புகாரி). தொழுகை தவறாமலும், சூதாட்டம் கலவாமலும் ஆடப்படும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை.

ஒரு பிள்ளையின் கால்களில் அல்லாஹ் வைத்துள்ள வேகமும் நுட்பமும் அவன் அளித்த அமானத்தாகும். அமானத்தைப் புதைத்து வைப்பதும் தவறு. அவசரப்பட்டு விற்றுவிடுவதும் தவறு. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

நம் பகுதியின் பிள்ளைகள்

நமக்கு அருகிலுள்ள வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தரும் தொண்டு அமைப்பு ஒன்றின் பெயரிலேயே விளையாட்டோடு கல்வியும் சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

அந்த வியாசர்பாடியிலிருந்து வந்தவர் நந்தகுமார் சேகர். 1995இல் பிறந்த அவர், முதலில் சென்னை லீக்கில் இந்துஸ்தான் ஈகிள்ஸ் அணிக்கு ஆடினார். பின்னர் சென்னை சிட்டி அணியில் சேர்ந்து, 2017இல் ஐ-லீக்கில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 21. அதன் பிறகே டெல்லி, ஒடிசா அணிகள். 2023இல் இந்திய அணி. அதே ஆண்டு ஆகஸ்டில் டூராண்ட் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக அவர் அடித்த ஒரே கோலில் மோகன் பகான் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எதிரணியை வெல்ல இயலாமல் தவித்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அந்த வடசென்னைப் பிள்ளையைக் கொண்டாடினார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? 19 வயதில் பெரிய லீக்கில் இல்லாதவருக்கு வாசல் நிரந்தரமாக மூடிவிடுவதில்லை. உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டே 21 வயதில் மேலே சென்றவரும் நாட்டின் சட்டையை அணிந்திருக்கிறார்.

முந்திய தலைமுறையில் வேறொரு வழியும் இருந்தது. நம்மவரான சபீர் பாஷா இந்தியன் வங்கி அணிக்கு ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். பிற்காலத்தில் சென்னையின் எஃப்.சி. அணியின் உதவிப் பயிற்சியாளராகி, 2022இல் அதன் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். வங்கி, இரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, துறைமுகம் என நிறுவனங்களே அணி வைத்திருந்த காலம் அது. காலில் பந்து இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளமும் வந்தது. இன்று அந்த நிறுவனங்கள் முன்போல் ஆள் எடுப்பதில்லை. ஆகவேதான் நம் பிள்ளைகள் கிளப் ஒப்பந்தங்களை நோக்கி ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

நாம் பார்க்காத மறுபக்கம்

ஆயினும் தொலைக்காட்சியில் தெரியும் வெளிச்சத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

அதே வியாசர்பாடியின் தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத் தூணாக விளங்கினார். அந்த ஆண்டே முழங்காலில் காயம் ஏற்பட்டு, அடுத்த பருவத்தை இழந்தார். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தால் வெளியேற நேர்ந்தது. அவர்கள் இருவரும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். பெரிய அணிகளில் இருந்தவர்கள். பெயர் பெறாத 19 வயதுப் பிள்ளைக்கு அதே காயம் ஏற்பட்டால், அவருடைய சிகிச்சைக்கு யார் பொறுப்பு?

காயம் ஒருபுறம் இருக்கட்டும். அணியே இல்லாமல் போனால்? நந்தகுமார் ஆடிய சென்னை சிட்டி அணி, 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சில ஆண்டுகளுக்குள் தேசிய லீக்கிலிருந்தே அது மறைந்துபோனது. 2025 ஜூலையில், இந்தியன் சூப்பர் லீக்கை நடத்திய நிறுவனம், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துடன் செய்திருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவடைய இருந்ததால், புதிய பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு அணி தன் முதன்மை அணியினரின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. நம் சென்னையின் எஃப்.சி.யும் தன் பணிகளை நிறுத்தி வைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் போட்டிகள், அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவே இல்லை. நாட்டின் மிகப் பெரிய லீக்கின் நிலையே இது எனில், அதற்குக் கீழேயுள்ள சிறிய கிளப்புகளின் வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த மார்க்கம் நம்முடையது (நூல்: இப்னுமாஜா). ஆனால் கூலி கொடுப்போர் எல்லாரும் அதன்படி நடப்பார்கள் என்று எண்ணி ஏமாறும்படி நமக்குச் சொல்லப்படவில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்

இவ்விடத்தில் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். உஹதுப் போருக்குச் செல்ல அவர்கள் ஆர்வத்துடன் முன்வந்தபோது வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பின்னர் கந்தக் போரின்போது வயது 15. அப்போது அனுமதித்தார்கள் (நூல்: புகாரி).

முதல் முறை திருப்பி அனுப்பப்பட்டதால் அந்த இளைஞரின் தகுதி குறைந்துவிட்டதா? இல்லை. ஆர்வம் இருந்தது, வீரம் இருந்தது, பருவம் மட்டும் வரவில்லை. 'வேண்டாம்' என்பது வேறு, 'இப்போது வேண்டாம்' என்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோரும் பிள்ளையும் புரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பட்டத்தின் மதிப்பு

"கால்பந்துக்காரனுக்குப் பட்டம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கேளுங்கள்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கென நியமன முறை உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியவர்களும் அதற்குத் தகுதி உடையவர்கள். கல்லூரியைப் பாதியில் விடுபவர், வகுப்பறையோடு சேர்த்து இந்த வாய்ப்பையும் விடுகிறார். பட்டம் இன்றி விண்ணப்பிக்கவே இயலாத பணிகளும் பல.

கால்பந்து ஆட்டக்காரரின் ஆயுள் குறுகியது. 35 வயதைத் தாண்டி முழுநேரமாக ஆடுவோர் சிலரே. அதன் பிறகும் குடும்பம் நடத்த வேண்டிய ஆண்டுகள் எத்தனையோ உள்ளன. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகும் இரு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (நூல்: புகாரி). உடல் நலமாக உள்ள இந்த நாட்களிலேயே, உடல் தளரும் நாட்களுக்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள்!

இனி, வாய்ப்பு உண்மையிலேயே நல்லதாக இருந்தால் என்ன செய்வது? தவணை குறித்த கொடுக்கல் வாங்கலைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளுமாறும், பொறுப்பேற்பவர் விவரம் போதாதவராக இருப்பின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் முன்னின்று எழுதச் செய்யுமாறும் அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 2:282). அனுபவமற்ற பிள்ளைக்கு முன்னின்று பேச வேண்டியவர் தந்தையே ஆவார். எனவே கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? நம் நாட்டுச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் தாமே செய்யும் ஒப்பந்தம் செல்லாது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, 18 வயதுக்குட்பட்டவரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிணைக்கவும் கூடாது.

2. காயம் ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? குணமாகும்வரை சம்பளம் உண்டா? வாய்ச்சொல் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும்.

3. சம்பளம் நின்றால் என்ன வழி? குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தைத் தராத கிளப்புக்கு எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதிகள் இடமளிக்கின்றன. இதை அறியாமல் மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு.

4. இடையில் நிற்கும் முகவர் யார்? ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரா? உரிமத்தைக் காட்டத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

5. படிப்பு என்னவாகும்? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலைக் கல்வி உண்டு. தேர்வு நாட்களில் விடுப்புத் தருவதாகக் கிளப் எழுதித் தருமா?

6. தங்குமிடம், உணவு, ஜும்ஆத் தொழுகை, ரமளான் நோன்பு ஆகியவை குறித்து முன்கூட்டியே பேசப்பட்டதா? 1936இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் முகமது சலீம், ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வெறுங்காலுடன் ஆடி அந்நாட்டவரை வியக்க வைத்தார். எனினும் ஊர் ஏக்கத்தால் அவர் திரும்பிவிட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரையே வாட்டிய தனிமை, நம் வீட்டுப் பிள்ளையை வாட்டாதா?

இவ்வாறு கேட்பது தவக்குலுக்கு எதிரானதன்று. ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பின்னர் நம்பிக்கை வைக்குமாறு சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் (நூல்: திர்மிதி). கையெழுத்திட்ட பின்னர் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதும் கடமையாகும். கூடுதல் பணம் தருகிறார்கள் என்று பாதியில் வேறு அணிக்கு ஓடுவது முஸ்லிமின் பண்பன்று.

கடன் யாருடையது?

பெற்றோர்களே! இப்போது சொல்லப்போவது உங்களுக்குச் சற்றுக் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்தத் தந்தையிடம் நான் கேட்டேன்: "பாய், கடன் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "படிப்பை முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பேன்" என்றார்.

சகோதரர்களே! முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தில் கையெழுத்திட இருந்தது மகனின் திறமை அன்று, குடும்பத்தின் கடன். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பை மார்க்கம் தந்தையின் மீதுதான் வைத்திருக்கிறது. மகன் மனமுவந்து உதவுவது பெரும் நன்மை. அவனுக்காக நாம் துஆச் செய்ய வேண்டும். ஆனால் 19 வயதுப் பிள்ளையின் முழங்காலை அடகு வைத்து வீட்டுக் கடனை அடைக்கத் திட்டமிடுவது நியாயமா? அந்தக் கால் தடுக்கினால் பிள்ளை வலியை மட்டுமா சுமப்பான்? குடும்பத்தைக் கைவிட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வையும் அல்லவா சுமப்பான்?

ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடம்பரத் திருமணங்களை நாம் குறைத்திருந்தால் அந்தக் கடன் வந்திருக்காது. நம் மஹல்லாவில் வட்டியில்லாக் கடன் நிதி வலுவாக இருந்திருந்தால், அந்தத் தந்தை பள்ளிவாசலுக்குக் கேள்வியோடு வந்திருப்பார். கலக்கத்தோடு வந்திருக்க மாட்டார். இதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

என்ன நடந்தது?

அவர்கள் கிளப்பிடம் மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டார்கள். காயத்துக்கான பொறுப்பை எழுதித் தர அவர்கள் இசையவில்லை. பருவத் தேர்வுவரை அவகாசம் கேட்டபோது, வேறொரு பையன் தயாராக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வாய்ப்பு கைநழுவியது. மகன் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னது சரிதானா என்ற கவலையில் எனக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறைவானதை அல்லாஹ்வே அறிவான்.

அந்தப் பிள்ளை தொடர்ந்து படித்தார்; சென்னை லீக்கிலும் ஆடி வருகிறார். அவருக்குப் பதிலாகச் சென்ற பையனும் நன்றாக ஆடுவதாகச் சொல்கிறார்கள். அவருக்காகவும் நான் துஆச் செய்கிறேன். பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. பொறுத்தவர் எல்லாருக்கும் மீண்டும் வாய்ப்பு வரும் என்று உறுதி கூறவும் என்னால் இயலாது. ஆனால் இன்று ஒரு காயம் ஏற்பட்டாலும், அந்தப் பிள்ளையின் வாழ்க்கை அதோடு முடங்கிவிடாது. அவருக்கு ஊன்றி நிற்க இன்னொரு கால் இருக்கிறது.

எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயது நிறைந்து, ஒப்பந்தம் எழுத்தில் தெளிவாக இருந்து, காயத்துக்கும் சம்பளத்துக்கும் பொறுப்பேற்கப்பட்டு, படிப்பைத் தொடர வழி இருந்து, பிள்ளையின் மனமும் உறுதியாக இருந்தால், தயங்காமல் அனுப்புங்கள். இளமை காத்திருக்காது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், அந்தக் குறை தீரும்வரை பொறுங்கள். பட்டம் பெறும்வரை உள்ளூர் லீக்கில் ஆடட்டும். பயிற்சியாளரிடமும், முன்னாள் ஆட்டக்காரர்களிடமும், கல்லூரி ஆசிரியரிடமும் மஷ்வரா செய்யுங்கள். பிள்ளையையும் அமர வைத்து அவன் மனத்தைக் கேளுங்கள். இஸ்திகாராத் தொழுங்கள். முடிவெடுத்த பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி, ஒருவரை ஒருவர் குறை கூறாமல் முன்செல்லுங்கள்.

இளைஞர்களே! உங்கள் கால்களுக்கு வலிமை தந்தவன் உங்கள் அறிவுக்கும் ஒளி தந்திருக்கிறான். இரண்டையும் காத்துக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் திறமையில் பரக்கத் செய்வானாக! அவர்களை விபத்திலிருந்தும் வஞ்சகர்களிடமிருந்தும் பாதுகாப்பானாக! கடன்பட்டோரின் கடன்களை ஹலாலான வழியில் தீர்த்து வைப்பானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!